தின் கிளையன்ட்டும் ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்கிற புருடாவும்

மக்களே, இந்தப் பதிவுல காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். அல்சர் இருக்கிறவங்க இப்பவே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம்.

“தின் கிளையன்ட் போட்டுட்டா பராமரிப்பே கிடையாது சார். ஃபேன் இல்ல, ஹார்ட் டிஸ்க் இல்ல, வைரஸ் இல்ல. ஒரு தடவை செட் பண்ணிட்டா பத்து வருஷம் ஓடும்.”

இந்த வசனத்தை விற்பனையாளர்கள் வாயால நானே நாலஞ்சு தடவை கேட்டிருக்கேன். பகல்ல ஆணி புடுங்குறது வேற துறைன்னாலும், சனி ஞாயிறு வந்தா ஏதாவது பள்ளிக்கூடத்துலயோ டிரஸ்ட் நடத்துற கம்ப்யூட்டர் சென்டர்லயோ பொட்டி தட்டப் போயிடுற கிறுக்கு எனக்கு உண்டு. அந்த அனுபவத்துல சொல்றேன். இந்த வசனத்துல முதல் பாதி பாதி உண்மை. இரண்டாம் பாதி முழுப் பொய். அந்தப் பொய்க்கு விலை கொடுக்கிறது வித்தவனும் இல்ல, வாங்கினவனும் இல்ல. பூட்டின லேப் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற ஏழாங்கிளாஸ் பசங்க.

இதைச் சொன்ன உடனே ஒரு கோஷ்டி, “அதான் அப்பவே சொன்னோமே, தின் கிளையன்ட்டே குப்பை, ஆளுக்கொரு பிசி வாங்கிக் கொடு”ன்னு கிளம்பிடும். அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கும் இருக்கு.

பந்தி விஷயம்

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. கல்யாண வீட்டுல ஒவ்வொரு இலைக்குப் பக்கத்துலயும் அடுப்பு வெச்சு சமைக்கிறதில்ல. பின்கட்டுல ஒரே கோட்டையடுப்பு, பந்தியில இலை மட்டும். தின் கிளையன்ட்டும் அப்படித்தான். சமையல் முழுக்க சர்வர்ல நடக்கும். மேசை மேல இருக்கிற சின்னப் பொட்டி, திரையைக் காட்டும், விசைப்பலகை தட்டினதையும் மவுஸ் அசைஞ்சதையும் சர்வருக்குச் சொல்லும். அவ்வளவுதான் அதோட வேலை.

இது ஏதோ புதுச் சரக்குன்னு நினைக்காதீங்க. 1990-களின் தொடக்கத்துலயே யூனிக்ஸ் கடைகள்ல எக்ஸ் டெர்மினல் இருந்துச்சு. 1990-களின் நடுவுல ஆரக்கிள் லாரி எல்லிசன் ‘நெட்வொர்க் கம்ப்யூட்டர்’னு ஊரெல்லாம் முழங்கினார். 1999-ல சன் நிறுவனம் சன் ரே கொண்டு வந்துச்சு. அட்டையை இந்த டெர்மினல்ல உருவி அந்த டெர்மினல்ல சொருகினா, விட்ட இடத்துலேர்ந்து வேலையைத் தொடரலாம். இன்னிக்கும் அதைப் பார்த்தா எனக்கு வாய் பிளக்கும். அதே 1999-ல ஜிம் மெக்குவிலன் எல்டிஎஸ்பி, அதாவது லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்டைத் தொடங்கினார். பரண்ல போட்ட பழைய பிசியைக் கூட டெர்மினலா மாத்தலாம்னு உலகத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் காட்டினது அது. 2008-ல பக்கத்து ஆந்திராவுல 5,000 பள்ளிகளுக்கு என்கம்ப்யூட்டிங் கருவி போடப் போறாங்கன்னு செய்தி வந்தப்போ, நம்ம பக்கமும் அந்த ஆசை தொத்திக்கிச்சு.

தொழில்நுட்பம் நல்ல தொழில்நுட்பம்தான். கேட்டைத் திறந்து விட்டது அதைச் சுத்திச் சொல்லப்பட்ட நாலு பொய்கள். ஒவ்வொண்ணா உரிப்போம்.

பொய் 1: பராமரிப்பே வேண்டாம்

பராமரிப்பு எங்கயும் மறையாது. இடம் மாறும். 20 மேசையில சிதறிக் கிடந்த வேலை ஒரு சர்வர், ஒரு சுவிட்ச், ஒரு யூபிஎஸ்னு மூணு இடத்துல வந்து குவியும். இதுல நன்மையும் இருக்கு, ஆபத்தும் இருக்கு. மேசைப் பொட்டி ஒண்ணு போனா ஒரு பையன் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துக்குவான். சர்வர் போனா இருபது பேரும் மைதானத்துக்குப் போகணும்.

டெர்மினல் எப்படி உசிர் பிடிக்குதுன்னு பாருங்க. பவர் பட்டனை அமுக்கின உடனே நெட்வொர்க் அட்டை, “யாராச்சும் எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கப்பா”ன்னு கத்தும். டிஹெச்சிபி சர்வர் முகவரியும் கொடுத்து, எந்த சர்வர்ல எந்த பூட் ஃபைலை எடுக்கணும்னும் சொல்லும். டெர்மினல் டிஎஃப்டிபி வழியா அந்த ஃபைலை இழுக்கும். கர்னல் வரும், மீதி சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாவே மவுண்ட் பண்ணும், லாகின் திரை வரும். இதுல ஒரு கண்ணி அறுந்தாலும் திரையில வெள்ளை எழுத்துல ஒரு வரிதான் மிஞ்சும்.

அந்த வரியைப் படிக்கத் தெரிஞ்சா பாதி வைத்தியம் முடிஞ்சுது. பிஎக்ஸ்இ-இ61 வந்தா கேபிளைப் பாரு. இ51 வந்தா டிஹெச்சிபி பதில் சொல்லல. இ53 வந்தா யாரோ ஐபி கொடுத்துட்டாங்க, ஆனா பூட் ஃபைல் பேரைச் சொல்லல. இ32 வந்தா டிஎஃப்டிபி திறக்கல, சர்வர்ல அந்தச் சேவை ஓடுதா, ஃபயர்வால் மறிக்குதான்னு பாரு.

இதுல இ53-க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நேத்து வரைக்கும் ஓடின லேப் இன்னிக்குப் பாதி சீட்டுல மட்டும் ஓடாது. யாரும் எதையும் தொடலன்னு சத்தியம் பண்ணுவாங்க. போய்ப் பார்த்தா அலுவலக அறையில யாரோ வைஃபை வேணும்னு ஒரு ரவுட்டரை வாங்கி, நம்ம சுவிட்ச்லயே சொருகி இருப்பாங்க. அந்த ரவுட்டருக்குள்ளயும் ஒரு டிஹெச்சிபி குட்டிச்சாத்தான் உட்கார்ந்திருக்கும். டெர்மினல் கத்தினப்போ அது முந்திக்கிட்டு ஒரு ஐபியைக் கொடுத்துடும். பூட் ஃபைல் பத்தி அதுக்கு என்ன தெரியும்? ரவுட்டரைப் பிடுங்கினா லேப் எழுந்து உட்காரும். வேலை ரெண்டு நிமிஷம். ஆனா அந்த ரெண்டு நிமிஷ வேலை தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாததால, லேப் ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்த கதையை நான் நேர்ல பார்த்திருக்கேன்.

இன்னும் கேளுங்க. சுவிட்ச்ல சும்மா தொங்கற கேபிளோட இன்னொரு முனையைச் சுத்தம் பண்ண வந்தவங்க ‘பாவம், கழண்டிருக்கு’ன்னு அதே சுவிட்ச்ல சொருகிட்டா, சாதாரண சுவிட்ச்ல மொத்த நெட்வொர்க்கும் சுத்திச் சுத்தி மூச்சு முட்டிடும். பழைய பிசியை டெர்மினலா மாத்தியிருந்தா மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்த அன்னிக்கு பயாஸ் அமைப்பு அழிஞ்சு, நெட்வொர்க் பூட்டை மறந்துட்டு இல்லாத ஹார்ட் டிஸ்க்கைத் தேடும். புதுசா வாங்கின தின் கிளையன்ட்ல பொட்டி சாகறதுக்கு முன்னாடி அதோட பவர் அடாப்டர் சாகும். ஒரு அடாப்டருக்காகப் பொட்டியையே ‘அவுட் ஆஃப் ஆர்டர்’னு சீட்டு ஒட்டி மூலையில அடுக்கி வெச்சிருக்கிறதைப் பார்த்தா வயிறு எரியும்.

வைரஸே வராதாம்! ஹும். விண்டோஸ் எம்பெட்டட் போட்ட தின் கிளையன்ட்ல ரைட் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. நாம பண்ற எந்த மாற்றமும் ரீபூட் பண்ணினா மறைஞ்சுடும். வைரஸுக்கு நல்ல மருந்துதான். ஆனா பாதுகாப்பு அப்டேட்டுக்கும் அதே கதி. ஃபில்டரை நிறுத்தி, அப்டேட் போட்டு, திரும்ப ஃபில்டரை ஓட விடத் தெரிஞ்ச ஆள் வேணும். இல்லேன்னா வாங்கின நாள்ல இருந்த ஓட்டையோடயே கடைசி வரைக்கும் ஓடும். அப்புறம் 2020 டிசம்பர்ல டெல் வைஸ் தின்ஓஎஸ்ல ரெண்டு ஓட்டை வெளியே வந்துச்சு. டெர்மினல்கள் தங்களோட கான்ஃபிக் ஃபைலை கடவுச்சொல்லே இல்லாத எஃப்டிபி சர்வர்லேர்ந்து எடுத்துக்கிட்டு இருந்த சமாச்சாரம். தீவிரத்துக்கு 10-க்கு 10 மார்க் வாங்கின ஓட்டைகள். ‘உள்ளே ஒண்ணும் இல்லாத பொட்டி’க்கும் ஃபர்ம்வேர்னு ஒண்ணு உண்டு, அதையும் புதுப்பிக்கணும்.

பொய் 2: ஒரு சர்வர் போதும், எத்தனை பேர் வேணா உட்காரலாம்

2000-களில் கணக்கு வேற. ஒரு டெர்மினலுக்கு 128-லேர்ந்து 192 எம்பி ராம் ஒதுக்கினா ஓப்பன் ஆபீஸும் ஒரு பிரவுசரும் ஓடிடும். இன்னிக்கு பிரவுசர்ல நாலு டேப் திறந்தாலே ஒரு ஜிபி காலி. 20 பிள்ளைங்க ஒரே நேரத்துல உட்கார்ந்தா பிரவுசருக்கே 20 ஜிபி, சில நேரம் 30. அதுக்கு மேல சர்வரோட சொந்தச் செலவு. 8 ஜிபி ராம் போட்ட ஒரு சாதா டெஸ்க்டாப்பை ‘சர்வர்’னு பில் போட்டு இறக்கிட்டுப் போற ஆளுக்கு இந்தக் கூட்டல் தெரியாதா? தெரியும் ஐயா. நல்லாவே தெரியும்.

வீடியோவுக்கு வாங்க. 800-க்கு 600 திரை, ஒரு புள்ளிக்கு 2 பைட். ஒரு சட்டகம் 9,60,000 பைட். விநாடிக்கு 15 சட்டகம்னா 1.44 கோடி பைட். எட்டால பெருக்குங்க. 115 மெகாபிட். 100 மெகாபிட் கேபிள்ல இது போகுமா? பழைய எக்ஸ் முறையில சுருக்காம அப்படியே அனுப்பினா, ஒரே ஒரு பையன் பார்க்கிற சின்ன வீடியோவுக்கே குழாய் பத்தாது. ஆர்டிபி மாதிரி முறைகள் சுருக்கி அனுப்பும், வாஸ்தவம். ஆனா சுருக்குற வேலையைச் செய்யறது யாரு? அதே சர்வர்தான். 20 பேருக்கும் சேர்த்து.

இதுக்கு வழி இல்லாம இல்ல. சர்வர்லேர்ந்து சுவிட்ச்சுக்குக் குறைஞ்சது ஒரு கிகாபிட் இணைப்பு, தேவையான ராம், எஸ்எஸ்டி. பொட்டி கொஞ்சம் திடகாத்திரமா இருந்தா இன்னொரு வழி இருக்கு. சிஸ்டத்தை சர்வர்லேர்ந்து வாங்கிக்கிட்டு, வேலையைத் தன் சொந்த சிபியுவிலயும் ராம்லயும் ஓட்டிக்கிற டிஸ்க்லெஸ் முறை. ஃபேட் கிளையன்ட்னு சொல்வாங்க. 2019-ல முழுசா திருப்பி எழுதப்பட்ட எல்டிஎஸ்பி அந்தப் பாதையிலதான் போகுது. டிஸ்க் கிடையாது, ஒரே இடத்துல பராமரிப்பு, ஆனா வீடியோ பார்க்கும்போது சர்வர் மூச்சு வாங்காது. பள்ளிக்கூடத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்?

ஆனா இந்தக் கேள்விகளை வாங்குறதுக்கு முன்னாடி கேட்கணும். திறப்பு விழா ரிப்பன் வெட்டின அப்புறம் கேட்டு என்ன புண்ணியம்?

பொய் 3: லைசென்ஸ் எல்லாம் உள்ளேயே இருக்கு சார்

இந்தப் பொய்தான் என்னை இந்தப் பதிவு எழுத வெச்சது.

ஒரு பள்ளி. பேர் வேண்டாம். ஒரு விற்பனையாளர், அவர் பேரும் வேண்டாம். ஜூன்ல லேப் போட்டாங்க. விண்டோஸ் சர்வர், 20 டெர்மினல், ஜோரா ஓடுச்சு. பள்ளி நிர்வாகம் மிச்சப் பணத்தையும் கொடுத்து கணக்கை முடிச்சுட்டாங்க. அக்டோபர் பரீட்சை விடுமுறை முடிஞ்சு வந்து பார்த்தா ஒரு டெர்மினல் கூட உள்ளே விடல. ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் சர்வர் இல்லைன்னு ஒரு செய்தி.

விஷயம் என்னன்னா, விண்டோஸ் சர்வர்ல ரிமோட் டெஸ்க்டாப் சேவையைப் போட்டா 120 நாள் சலுகைக் காலம் கிடைக்கும். அதுக்குள்ள ஒவ்வொரு ஆளுக்கோ ஒவ்வொரு கருவிக்கோ தனியா உரிமம் வாங்கிப் போடணும். போடலன்னா 121-ம் நாள் கதவு சாத்திடும். மைக்ரோசாஃப்ட் இதை ஒளிச்சு வைக்கல, ஆவணத்துல தெளிவா இருக்கு. ஒளிச்சது நம்ம விற்பனையாளர். 120 நாள் ஓடும், அதுக்குள்ள பணம் கைக்கு வந்துடும். அப்புறம் ஃபோன் பண்ணினா, “உங்க ஆர்டர்ல ஹார்டுவேர் வாரன்ட்டி மட்டும்தான் சார் இருக்கு”ன்னு பதில்.

சர்வரோட அட்மின் பாஸ்வேர்டு கூடப் பள்ளிக்கிட்ட இல்ல! அது விற்பனையாளரோட பையன் ஒருத்தனுக்குத் தெரியும், அவன் வேலையை விட்டுப் போயாச்சு. காசு கொடுத்து வாங்கின பொட்டிக்குச் சாவி வித்தவன்கிட்ட. எந்த ஊர் நியாயம் இது?

இன்னும் சில பேர் இதைவிடக் கில்லாடிகள். சாதா டெஸ்க்டாப் விண்டோஸை ஒரே நேரத்துல ஒருத்தர் மட்டும்தான் பயன்படுத்தணும்னு உரிமத்துலயே இருக்கு. அதுல ஒரு டிஎல்எல் ஃபைலை மாத்திப் போட்டு பத்து பேரை உட்கார வெச்சுடுவாங்க. அடுத்த அப்டேட் வந்து அந்த ஃபைலைப் பழையபடி மாத்தினதும் பத்து பேரும் வெளியே. அதனால ‘அப்டேட்டையே நிறுத்தி வைங்க சார்’னு ஆலோசனை வேற. வியாதியைக் கொடுத்துட்டு மருந்தையும் புடுங்கற கதை.

பொய் 4: யூபிஎஸ் எல்லாம் பெருசா வேண்டாம்

2012-ல சென்னைக்கு வெளியே நாம பட்ட கரண்ட் கட்டை மறந்துட்டீங்களா? இன்னிக்கு நிலைமை அவ்வளவு மோசம் இல்ல, ஆனா மழைக்காலத்துல கிராமத்துப் பக்கம் போய்ப் பாருங்க.

தின் கிளையன்ட்ல யூபிஎஸ்ஸை எங்கே கொடுக்கணும்கிறது ஒரு கலை. சர்வருக்கும் சுவிட்ச்சுக்கும் கட்டாயம். ஆர்டிபி முறைன்னா டெர்மினல் அணைஞ்சாலும் சர்வர்ல வேலை அப்படியே உசிரோட இருக்கும், கரண்ட் வந்து லாகின் பண்ணினா விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். பழைய எக்ஸ் முறையில அப்படி இல்ல, டெர்மினல் அணைஞ்சா வேலையும் போச்சு. ஆக நம்ம லேப் எந்த முறைன்னு தெரியாம யூபிஎஸ் கணக்கு போட முடியாது. அதோட யூபிஎஸ்லேர்ந்து சர்வருக்கு யுஎஸ்பி கேபிள் போட்டு, பேட்டரி தீரும் முன்னாடி சர்வர் தானே ஒழுங்கா அணையற மாதிரி அமைக்கணும். லினக்ஸ்ல நட் என்கிற இலவச மென்பொருள் இதைச் செய்யும். அந்தக் கேபிளைப் பெட்டிக்குள்ளேயே பிரிக்காம வெச்சிருக்கிற லேப்தான் நான் அதிகம் பார்த்தது. நாலு தடவை சர்வர் பொத்துன்னு விழுந்து எழுந்தா, ஃபைல் சிஸ்டம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இப்போ ‘ஆளுக்கொரு பிசி’ கோஷ்டிக்கு

வாங்க அண்ணாச்சி, உட்காருங்க.

இருபது பிசின்னா இருபது ஹார்ட் டிஸ்க், இருபது ஆன்டிவைரஸ், இருபது இடத்துல அப்டேட். அதுக்கும் ஆள் இல்லாமத்தானே உங்க லேப்ல பாதி பிசி தூங்குது? ஒரு சர்வரையே பார்த்துக்க ஆள் வைக்காத ஊர்ல இருபது பிசியை யார் பார்த்துப்பாங்க? தின் கிளையன்ட் லேப் செத்தா ஒரே நாள்ல சாகும், ஊருக்கே தெரியும். பிசி லேப் மாசத்துக்கு ஒண்ணா சாகும், யாருக்கும் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கரண்ட் கணக்கையும் பாருங்க. மானிட்டரை விட்டுடுவோம். ஒரு பழைய பிசி சுமார் 80 வாட்னு வெச்சா இருபதுக்கு 1,600 வாட். தின் கிளையன்ட் 10 வாட், இருபதுக்கு 200, சர்வருக்கு 250 சேர்த்தா 450. நாளுக்கு 6 மணி நேரம் ஓட்டினா ஏறக்குறைய 7 யூனிட் மிச்சம். யூபிஎஸ்ஸும் சின்னதாப் போதும்.

நம்ம மாதிரி தமிழ்ல தட்டுறவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து இ-கலப்பையை இன்ஸ்டால் பண்ண அட்மின் உரிமை இல்லாம, கட்டம் கட்டமாத் தெரிஞ்ச தமிழைப் பார்த்து நொந்துபோன நாட்களை மறந்திருக்க மாட்டீங்க. சர்வர் ஒண்ணுல நல்ல யுனிகோடு எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் ஒரு தடவை போட்டா, இருபது சீட்டுலயும் அன்னிக்கே தமிழ் வந்துடும். எந்தப் பிள்ளை எந்த சீட்டுல உட்கார்ந்தாலும் அதோட ஃபைல் அங்கே வந்து நிக்கும். தமிழ் கம்ப்யூட்டிங்னு மாநாடு போடறதைவிட இது உருப்படியான வேலைன்னு நான் நினைக்கிறேன்.

கடைசியா ஒண்ணு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிஞ்சு போச்சு. டிபிஎம் 2.0 இல்லாத, எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல் பிசிகளுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா கிடையாது. அலுவலகங்கள்லேர்ந்து நல்லா ஓடற பொட்டிகள் எடைக்குப் போயிட்டு இருக்கு. இதெல்லாம் டெர்மினலாவோ டிஸ்க்லெஸ் பொட்டியாவோ இன்னும் பல வருஷம் உழைக்கும். இதுல கரண்ட் மிச்சமாகாது, அதையும் நேர்மையாச் சொல்லிடறேன். ஆனா பொட்டி மிச்சம், பணம் மிச்சம், குப்பை மிச்சம். இந்த வாய்ப்பை விட்டுட்டுப் புதுசா இருபது பிசிக்கு நன்கொடை கேட்டு அலையறவங்களைப் பார்த்தா எனக்குப் புரியவே இல்ல.

நம்ம ஆளுங்களுக்கும் ஒரு கொட்டு

விற்பனையாளரை மட்டும் திட்டிட்டுப் போனா நியாயம் இல்ல. லினக்ஸ் ஆர்வலர்கள்னு நாம ஒரு கூட்டம் இருக்கோமே. ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் போறது, எல்டிஎஸ்பி போடறது, பென்குயின் படத்தோட குரூப் ஃபோட்டோ எடுக்கறது, மதியம் பிரியாணி, சாயங்காலம் பதிவு. பின்னூட்டத்துல ‘வாழ்த்துக்கள்’ நாற்பது. மூணு மாசம் கழிச்சு அந்த லேப் என்ன ஆச்சுன்னு யாராவது பதிவு போட்டு நான் படிச்சதில்ல. லைசென்ஸ் பிரச்சனை இல்லைங்கிறது மட்டும்தான் இலவச மென்பொருள். பராமரிப்பு இலவசம்னு எந்த உரிமத்துலயும் எழுதல.

இரண்டு பக்கமும் பண்றது ஒரே வேலைதான். ரிப்பன் வெட்டற நாளைத்தான் எல்லாரும் பார்க்கறாங்க. நூத்தி இருபத்தோராம் நாளை யாரும் பார்க்கறதில்ல.

என்னதான் பண்ணணும்?

சும்மா கத்திட்டுப் போறவன்னு பேர் வேண்டாம். தின் கிளையன்ட் லேப் போடறவங்க யாரா இருந்தாலும் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஏழையும் கேளுங்க.

1. 20 சீட்டுன்னா 22 டெர்மினல், 22 அடாப்டர் வாங்குங்க. கெட்டுப்போனதை மாத்தற வேலை ஒன்பதாங்கிளாஸ் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

2. சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் அட்டை. ஒண்ணு இணையத்துக்கு, ஒண்ணு லேபுக்கு மட்டும். லேப் சுவிட்ச்ல வேற எந்த ரவுட்டரும் தலை காட்டக் கூடாது. எழுதி ஒட்டுங்க. ஆர்டிபியோட 3389 கதவை இணையத்துப் பக்கம் திறந்தே வைக்காதீங்க. 2019-ல புளூகீப் ஓட்டை என்ன பீதியைக் கிளப்புச்சுன்னு தெரியுமில்ல.

3. காகித நோட்டு ஒண்ணு. எந்த சீட்டு, எந்த மேக் முகவரி, எந்த சுவிட்ச் போர்ட், எந்த கேபிள் நம்பர். கம்ப்யூட்டர்லயே எழுதி வெச்சா, அது விழுந்த அன்னிக்கு அந்தக் குறிப்பும் சேர்ந்து விழும்.

4. ரெண்டு டிஸ்க் ரெய்டு போட்டதும் பேக்கப் ஆச்சுன்னு நினைக்காதீங்க. தப்பா அழிச்ச ஃபைல் ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல அழியும். வாரம் ஒரு தடவை வெளி டிஸ்க்குக்குப் பிள்ளைங்க ஃபைலையும் சர்வர் அமைப்பையும் நகல் எடுங்க. ஒரு தடவையாவது அதுலேர்ந்து மீட்டுப் பாருங்க.

5. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தோட மென்பொருள் இல்லாம உசிர் வராத டெர்மினலை வாங்காதீங்க. அவ்வளவு அழகான சன் ரேயை 2013-ல ஆரக்கிள் மூடிடுச்சு. பிஎக்ஸ்இ பூட் ஆகுதா, ஆர்டிபி பேசுதா, இந்த ரெண்டையும் கண் முன்னால செஞ்சு காட்டச் சொல்லுங்க.

6. உரிமங்கள் பள்ளி பேர்ல, காகிதத்துல. அட்மின் பாஸ்வேர்டு ஒட்டின கவர்ல, தலைமையாசிரியர் பீரோவுல. கடைசித் தவணைப் பணம் 121-ம் நாளுக்கு அப்புறம்தான்.

7. மொத்தப் பணத்துல ஐந்தில் ஒரு பங்கை ஆளுக்குன்னு எடுத்து வைங்க. உள்ளூர்ல டிப்ளமா படிச்சுட்டு வேலை தேடற பையனோ பொண்ணோ கட்டாயம் இருப்பாங்க. வாரம் ரெண்டு மணி நேரம் வந்து பார்த்துட்டுப் போக, சம்பளம் கொடுங்க. ‘சேவை’ன்னு சொல்லி ஓசியில வாங்காதீங்க.

ஏழாவதுதான் முக்கியம். மத்த ஆறும் அந்த ஒருத்தர் இருந்தா தானா நடக்கும். அவர் இல்லேன்னா ஆறும் சுவத்துல ஒட்டின காகிதம்தான். ‘அதுக்கு பட்ஜெட் இல்ல’ன்னு சொல்ற நிர்வாகிக்கிட்ட ஒரே கேள்வி: பள்ளி வேன் வாங்கறப்போ டிரைவருக்குச் சம்பளம் ஒதுக்கினீங்களா இல்லையா? லேப் மட்டும் தானா ஓடணுமா?

மேலே சொன்ன அந்தப் பள்ளியில இப்போ லேப் ஓடுது. அதே சர்வர்ல ராமை ஏத்தி, அந்த டெர்மினல்கள் பிஎக்ஸ்இ பூட் ஆனதால லினக்ஸைப் போட்டோம். மூணு ஞாயிறு ஆச்சு. ஆனா லேப் இன்னும் ஓடறதுக்குக் காரணம் நாங்க போட்ட லினக்ஸ் இல்ல. அதே ஊர்ல டிப்ளமா முடிச்ச ஒரு பொண்ணு செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து நோட்டைத் திறந்து பார்க்குது. பெற்றோர் சங்கம் அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் கொடுக்குது. அக்டோபர்லேர்ந்து பொங்கல் வரைக்கும் பூட்டிக் கிடந்ததுல பத்தாங்கிளாஸ் பசங்களுக்குப் போன காலம் போனதுதான். அதை எந்த பேக்கப்லேர்ந்தும் மீட்க முடியாது.

உங்க ஊர்ப் பள்ளியில லேப் இருந்தா இந்த வாரம் ஒரு நடை போய்ப் பாருங்க மக்களே. பூட்டியிருந்தா எந்த நாள்லேர்ந்து பூட்டியிருக்குன்னு கேளுங்க. திறந்த தேதியோட 120-ஐக் கூட்டிப் பாருங்க.

டிஸ்கி 1: விற்பனையாளர் பேர் கேட்டு யாரும் பின்னூட்டம் போடாதீங்க, சொல்ல மாட்டேன். ஒருத்தர் பேரைச் சொன்னா மத்தவங்க எல்லாம் யோக்கியர்னு ஆயிடும்.

டிஸ்கி 2: இ53 வந்தும் ரவுட்டர் எதுவும் சிக்கலையா? பூட் ஃபைல் பேரைச் சரி பாருங்க. பழைய பயாஸுக்கும் புது யுஇஎஃப்ஐக்கும் வேற வேற ஃபைல் கொடுக்கணும். அப்பவும் வரலன்னா பின்னூட்டத்துல திரையில வந்த வரியை அப்படியே தட்டுங்க, சேர்ந்து பார்ப்போம். மத்தபடி கும்மியடிக்கிறவங்களும் தாராளமா வரலாம், கடை திறந்தேதான் இருக்கு.